கேட்காமல் எடுத்த படத்தை எப்படி ரசிப்பது?

பண்டார் தெங்காராவில் முன்பின் தெரியாதவரைச் சத்தமில்லாமல் படம் எடுப்பது ஆகாத காரியம். 1972இல் அமைந்த கெஜோரா என்னும் தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியம் காட்டைத் திருத்தி எழுப்பிய ஊர்களில் அதுவும் ஒன்று. ஒட்டுக்கடையில் தே தாரிக் ஆற்றுகிறவர் முன்பு எந்தத் தோட்டத்தில் இருந்தார், மகளுக்கு எங்கே வேலை என்பதெல்லாம் அப்படிப்பட்ட ஊரில் பலருக்குத் தெரியும். கேமராவோடு வந்து நிற்பவர்தான் அங்கே அந்நியர். கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவில் கூட்டத்தோடு கூட்டமாகக் கரைந்துவிடலாம். இங்கே இரண்டாவது படத்துக்குள் “யாரு தம்பி, பேப்பர்லேர்ந்து வர்றீங்களா?” என்று கேட்டுவிடுவார்கள். கேட்ட கையோடு முகத்தில் சிரிப்பு ஏறும், காலர் நேராகும், எடுக்க வந்த படம் போய்விடும். சொல்லாமல் எடுத்தாலோ மனசு உறுத்தும். இந்தச் சங்கடம் தெரிந்தவருக்குத்தான் தெருப்படத்தின் ருசி பிடிபடும்.

அதனால் ஒரு படம் கண்ணில் பட்டதும், எடுத்தவர் எங்கே நின்றார் என்று தேடுங்கள். முகம் மட்டும் துல்லியமாகத் தெரிந்து, பின்னால் எல்லாம் கலங்கிக் கிடந்தால் பெரும்பாலும் தூரத்திலிருந்து டெலி லென்ஸில் இழுத்ததாக இருக்கும். கிட்டே நின்று எடுத்ததில் மேசை விளிம்பு, பக்கத்து ஆளின் தோள், தரையின் ஈரம் எல்லாம் சேர்ந்தே வரும். எனக்கு இரண்டாவது வகைதான் பிடிக்கும். எடுத்தவர் கையும் களவுமாக அகப்படும் தூரத்தில் இருக்கிறாரே!

வாக்கர் எவான்ஸ் அகப்படாமல் எடுத்தவர். 1938 முதல் 1941 வரை நியூயார்க் சுரங்க ரயிலில், கோட்டுக்குள் ஒளித்த கான்டாக்ஸ் கேமராவின் லென்ஸைப் பொத்தான்களுக்கு நடுவே எட்டிப்பார்க்க விட்டு, விசைக்கம்பியைச் சட்டைக் கைக்குள் ஓடவிட்டு, எதிர் இருக்கைக்காரர்களை எடுத்தார். கண்ணை வைத்துக் குறிபார்க்க வழியில்லை. யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் மனித முகம் எப்படித் தளர்ந்து தொங்குகிறது என்பதை அந்தப் படங்களில் பார்க்கலாம். அவற்றை அவர் புத்தகமாக்கியது 1966இல்தான். வழி திருட்டு வழிதான், சந்தேகமில்லை. ஆனாலும் அந்தப் பயணிகளில் ஒருவரையும் அவர் கேலிப்பொருளாக்கவில்லை என்பதால் நான் அவர் பக்கம்.

முகமே இல்லாமலும் ஒரு மனிதரை எடுக்கலாம். 1948இல் ஹென்றி கார்த்தியே பிரஸ்ஸோன் ஸ்ரீநகரின் ஹரி பர்பத் குன்றில் எடுத்த படத்தில் தொழுகிற பெண்கள் நமக்கு முதுகு காட்டியிருக்கிறார்கள். நிற்கும் பெண்ணின் நீட்டிய கைகளைப் பாருங்கள். உள்ளங்கைகள் வானத்தைப் பார்த்திருக்க, அப்பால் மலையும் மேகமும். யாருடைய அந்தரங்கமும் கலையவில்லை.

கொஞ்சம் சந்தேகமும் வேண்டும். பாரிஸ் நகர மண்டபத்தின் முன் முத்தமிடும் ஜோடியை 1950இல் ராபர்ட் துவானோ எடுத்த படம் உலகமெங்கும் சுவரொட்டியாக விற்றது. அந்த ஜோடியை அவரே கேட்டு நிற்கவைத்து எடுத்தார் என்பது 1990களில்தான் வெளிவந்தது. எனக்கு அதன் அழகு பாதியாகிவிட்டது. உங்களுக்கு ஆகாமலும் போகலாம்.

கண்ணைப் பழக்க, கைப்பேசியைப் பையில் போட்டுவிட்டு ஒரு பசார் மாலாமுக்குப் போங்கள். அப்பம் பாலிக் கடையோரம் நில்லுங்கள். மாவு வட்டமாகப் பொங்குகிறது, கடலைத்தூள் விழுகிறது, கரண்டி விளிம்பைக் கிளப்புகிறது. பாதியாக மடிக்கும் நொடியில் கடைக்காரர் அப்பத்தைப் பார்ப்பதில்லை, அடுத்த ஆளிடம் “எத்தனை?” என்கிறார். வரிசையில் நிற்கும் பிள்ளையின் கண் மட்டும் அந்த மடிப்பிலேயே இருக்கிறது. இரண்டு பார்வையும் ஒரே சட்டத்துக்குள் வந்தால் அது படம். அரை நொடி தப்பினால் வெறும் கடை. நாலு கடை இப்படிப் பார்த்துவிட்டால், அடுத்தவர் எடுத்ததில் எது தற்செயல், எது காத்திருந்து பிடித்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்களுக்கு வருவோம். வேலை முடிந்து லோரியில் வாய்திறந்து தூங்குகிறவர், குடித்து விழுந்தவர், அழும் குழந்தை: இவற்றுக்கு ‘அருமை’ போடுமுன், அந்த ஆளிடமே இதைக் காட்ட எடுத்தவருக்குத் தைரியம் இருந்திருக்குமா என்று யோசியுங்கள். நீங்களே எடுப்பவரானால், அச்சிட்டு ஒரு பிரதியை அதே கடைக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். பண்டார் தெங்காரா மாதிரி ஊரில் அதற்கு விலாசம்கூடத் தேவைப்படாது.