வன்னி நூல்களும் வன்னி வாசகரும்

2009 மே மாதத்திற்குப் பின்னர் வன்னிப் பெருநிலப்பரப்பைப் பற்றி வெளிவந்த தமிழ் நூல்களை ஒருங்கே அடுக்கினால் சிற்றூர் வாசகசாலை ஒன்றின் தட்டு நிறைந்துவிடும். நாவல், சிறுகதை, கவிதை, தன்வரலாறு என எல்லா வகையும் அதிலே உண்டு. ஒரு தலைமுறைக்கு முன்னர் வன்னியை எழுதியோர் தொகை விரல்விட்டு எண்ணத்தக்கதாயிருந்தது. ஆகவே நூல் இல்லையென்ற குறை இன்று நமக்கில்லை. இருக்கும் குறை வேறொன்று. இந்நூல்களை எவ்வாறு மதிப்பிடுவது என்ற கேள்விக்கு நம்மிடையே ஒரே அளவுகோல்தான் வழங்கி வருகின்றது: ஆசிரியர் எந்தப் பக்கம்? இதற்கு விடை கிடைத்துவிட்டாற் போதும். அட்டையைத் திறக்கும் முன்னரே தீர்ப்பு எழுதி முடிந்துவிடுகின்றது. ஒரு சாரார் நூலைத் தலையிற் சூடிக்கொள்ள, மறு சாரார் அதைக் காலால் எற்றுகின்றனர். இரு சாராரும் அதனை வாசித்தனரா என்பது ஐயத்திற்குரியது.

நாம் கேட்க விரும்பும் கேள்வி இதனினும் எளிமையானது. உழைத்து வாழும் வன்னி மனிதனை இந்நூல் அறிந்திருக்கின்றதா? அவன் எதைத் தின்கிறான், எவனிடம் கடன்படுகிறான், அவன் வயலுக்கு எந்தக் குளத்து நீர் பாய்கின்றது என்பன ஆசிரியருக்குத் தெரியுமா? இது புதிய கேள்வியுமன்று. 1954இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் தோன்றிய காலந்தொட்டு நம் முன்னோர் கேட்டு வந்ததே. அன்று அவர்கள் வழங்கிய ‘மண்வாசனை’ என்னுஞ் சொல் பின்னர் மலிந்து, வட்டாரச் சொல் நாலைந்தைத் தூவினாற் போதும் என்ற அளவிற்குத் தாழ்ந்ததை நாம் மறுக்கவில்லை. ஆயினும் சொல் தேய்ந்ததனால் கேள்வி தேய்ந்துவிடவில்லை. வன்னியின் பழைய வாய்மொழி இலக்கியத்தைப் பாருங்கள். வயலில் விழும் காட்டுப் பன்றியைத் துரத்தப் பண்டிப்பள்ளு, கதிரைக் கொத்தும் குருவியை ஓட்டக் குருவிப்பள்ளு, அரிவு வெட்டுக்கு ஒரு சிந்து. எழுத்தறியாத அந்தப் புலவர்கள் தம் பொருளை வேறெங்கும் தேடிச் செல்லவில்லை.

இந்த அளவுகோலுக்கு நெடுநாளாக ஈடுகொடுத்து நிற்கும் நாவல் ஒன்றுண்டு. அ. பாலமனோகரன் 1973இல் எழுதிய ‘நிலக்கிளி’யே அது. தண்ணிமுறிப்பு என்ற காட்டோரக் குடியிருப்பிலே கதிராமனும் பதஞ்சலியும் நடத்தும் வாழ்க்கையைச் சொல்லும் அந்நூல், காடு வெட்டிப் புலமாக்கும் உழைப்பைக் கதைக்குப் பின்திரையாகத் தொங்கவிடவில்லை. உழைப்பே அங்கு கதையை நடத்துகின்றது. வெளியூரிலிருந்து வந்து சேரும் ஆசிரியர் சுந்தரலிங்கத்தின் நல்லெண்ணமும் அதன் எல்லையும் ஒருங்கே காட்டப்படுகின்றன. (நம் தொழிலைச் சேர்ந்தோர் இப்பாத்திரத்தைச் சற்று நிதானித்து வாசித்தல் நன்று.) இந்நாவலின் இன்றைய நிலை விசித்திரமானது. 1984இல் தண்ணிமுறிப்பு மக்கள் தம் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. அதனை அடுத்துள்ள குருந்தூர்மலையையும் சூழவுள்ள காணிகளையும் பற்றிய வழக்கு 2022, 2023ஆம் ஆண்டுகளில் நீதிமன்றப் படிகளில் நின்றது. உயர்தர வகுப்பில் இந்நூலைப் பற்றிச் சொல்லும்போது மாணவர் எழுப்பும் முதல் வினா, “சேர், இது வழக்கு நடந்த அதே தண்ணிமுறிப்போ?” என்பதாகும். காதற் கதை என்று எழுதப்பட்ட ஒரு நாவல், அங்கு எவர் உழுதார், எவர் தேன் எடுத்தார் என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. உழைப்பை நுணுக்கமாக எழுதிய நூலுக்கே இந்தப் பயன் வாய்க்கும்.

புதியனவற்றுள் இதற்கு அருகில் வைக்கத்தக்கது தமிழ்க்கவியின் ‘ஊழிக்காலம்’ (2013) என்பது நமது துணிபு. கிளிநொச்சிப் பகுதியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை, பேரப்பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நகரும் ஒரு முதியவளின் கண்ணால் போரின் இறுதி மாதங்களைச் சொல்லும் நாவல் இது. ஆசிரியர் இயக்கத்தின் வானொலியிற் பணியாற்றியவர். ஆதலால் நூல் வந்தபோது சிலர் அவரைக் காட்டிக்கொடுத்தவர் என்றனர். வேறு சிலர் அவரது பழைய தொடர்பையே குற்றமாக்கினர். இவ்விரைச்சலில் நூலின் தலையாய சிறப்பு எவர் கண்ணிலும் படாமற் போயிற்று. அஃதென்னவெனின், போரைப் பற்றிய ஏனைய நூல்கள் சாவைப் பேசும் இடத்தில் இந்நூல் அரிசியைப் பேசுகின்றது. இன்று அரிசி எங்கே கிடைக்கும், விறகுக்கு எங்கே போவது, தறப்பாளை எந்த மரத்தோடு கட்டுவது, பங்கருக்கு மண் மூடை நிரப்பச் சீலை எங்கே என்று ஒரு பெண் நாள்தோறும் போடும் கணக்கே நாவலின் முதுகெலும்பு. வரலாற்று நூல்கள் ‘பொதுமக்கள்’ என்ற ஒரே சொல்லிற் புதைத்துவிடும் மூன்று லட்சத்துக்கும் அண்மித்த மானிடரில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு வயிறு இருந்தது என்பதை வேறெந்த நூலும் இத்தனை பிடிவாதமாக நினைவூட்டவில்லை. பொருள் உள்ளவன் பாதையும் இல்லாதவன் பாதையும் ஒரே வீதியில் எவ்வாறு பிரிகின்றன என்பதையும் அவ்விலைகளின் வழியே நாம் அறிகிறோம்.

குறை இல்லையா? உண்டு. சம்பவம் சம்பவத்தைத் தள்ளிக்கொண்டு வருகின்றது. வாசகன் மூச்சுவிட இடமில்லை. ஒரு பாத்திரத்தை நாம் இனங்கண்டு கொள்ளுமுன் அது மறைந்துவிடுகின்றது. நாட்குறிப்புக்கும் நாவலுக்கும் இடையிலுள்ள வரம்பைப் பல இடங்களில் ஆசிரியர் கடந்துவிடுகிறார். ஆனால், கலைநயம் பேசி இந்நூலைப் புறந்தள்ளும் விமரிசகரிடம் ஒன்று கேட்கலாம்: வரம்பு கட்டி நீர் நிறுத்திய வயல்கள் வேறெத்தனை நம்மிடம் உள்ளன?

தமிழினியின் ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ வேறு வகையைச் சேர்ந்தது. பரந்தனிற் பிறந்து, 1991இல் மாணவியாக இயக்கத்தில் இணைந்து, மகளிர் அரசியற்றுறைப் பொறுப்பாளராக உயர்ந்து, போரின் பின் சிறையும் புனர்வாழ்வும் கண்டு, 2015 அக்டோபரிற் புற்றுநோயால் மறைந்தவர் இவர். தன்வரலாறு 2016இல், அவர் மறைவுக்குப் பின், வெளியாயிற்று. உடனே எழுந்த வாதம் நூலைப் பற்றியதன்று; இதை அவர்தான் எழுதினாரா என்பதைப் பற்றியது. ஒரு பெண் தன் அரசியலைத் தானே மறுபரிசீலனை செய்ய வல்லவள் என்பதை நம்ப நம் சமூகம் எத்துணை தயங்குகின்றது என்பதற்கு அவ்வாதமே போதிய சான்று. துப்பாக்கி ஏந்தியதாலேயே பெண்ணைப் பற்றிய சிந்தனை மாறிவிடவில்லை என்று அவர் காணும் இடங்கள் நூலின் உச்சம். பரந்தன் பற்றிய இளமைக்காலப் பக்கங்களும் சிறைப் பக்கங்களும் உயிருள்ளவை. எனினும் நமக்கு நிறைவு தராத பகுதியும் உண்டு. கட்டாய ஆட்சேர்ப்பைப் பற்றி அவர் வேதனையோடு எழுதுகிறார்; ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த கூலிக்காரத் தாய் அங்கு ஒரு குரலாகவே நின்றுவிடுகிறாள், மனுஷியாக நம்முன் வரவில்லை. மேலிருந்து பார்த்த பொறுப்பாளரின் பார்வைக்கு அது எட்டாமற் போயிருக்கலாம். இயக்கத்தின் பிழைகளைத் தலைமையின் பிழைகளாக மட்டுமே எண்ணும் நோக்கிலிருந்து நூல் முற்றாக விடுபடவில்லை என்பது நம் கருத்து.

யோ. கர்ணனின் சிறுகதைத் தொகுதிகளான ‘தேவதைகளின் தீட்டுத்துணி’, ‘சேகுவேரா இருந்த வீடு’ ஆகியவற்றைப் பற்றிச் சுருங்கச் சொல்லலாம். எள்ளல் அவரது ஆயுதம். அதிகாரத்தை நோக்கித் திரும்பும்போது அது கூர்மையாகவும், ஏதுமற்றவனை நோக்கித் திரும்பும்போது மொட்டையாகவும் இருக்கின்றது. தீபச்செல்வனின் ‘நடுகல்’ நாவலிலே, போரில் மாண்ட தமையனின் படம் ஒன்றேனும் எஞ்சாத இளையவனின் துயரம் பேசப்படுகின்றது. ஆசிரியர் கவிஞராதலின் ஒரே சுருதியில் நெடுந்தூரம் இழுக்கிறார். புலம்பல் ஓயும் இடங்களில் தலைகாட்டும் தாயே நம் மனத்தில் நிலைக்கிறாள். இந்நாவலும் தமிழினியின் நூலும் சிங்களத்திற் பெயர்க்கப்பட்டுள்ளன என்பதை இங்கு குறிப்பிடல் வேண்டும். தென்னிலங்கையின் உழைக்கும் மக்கள் வன்னியைச் செய்தித்தாள் வழியாக அன்றி மனிதர் வழியாக அறிய இத்தகைய பெயர்ப்புகள் பெருகுதல் அவசியம். சிங்கள நூல்கள் அதே வேகத்தில் நம்மிடம் வருகின்றனவா என்ற கேள்வி நமக்கே உரியது.

இனி, தட்டிலே காணாத நூல்களைப் பற்றியும் பேசவேண்டும். 1977, 1983 வன்செயல்களால் மலையகத்தினின்று விரட்டப்பட்டு வந்தோர் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குடியேறினர். பாரதிபுரம், மலையாளபுரம் முதலிய ஊர்களில் அவர்தம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழ்கின்றனர். பிறர் வயலிற் கூலியாக உழைத்தோர் இவர்கள். போரிலும் பெருந்தொகையாக மடிந்தவர்கள். மேற்கூறிய நூல்களில் இவர்கள் வழியில் எதிர்ப்படுவோராகவே வந்துபோகின்றனர். தேயிலைத் தோட்டத்து நினைவோடு நெல்வயலில் நின்ற ஒருவன் எக்கதைக்கும் நாயகனாகக் கண்டதாக நமக்கு நினைவில்லை. போர் முடிந்தபின் வீடு வீடாக வந்த நுண்கடன் நிறுவனங்களின் கதையும் அத்தகையதே. வாரந்தோறும் தவணை கட்ட இயலாது பெண்கள் பட்ட இடர் 2018இல் அரசே ஒரு லட்சம் ரூபா வரையான கடன்களை நீக்கும் திட்டத்தை அறிவிக்குமளவிற்கு முற்றியது. 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியிற் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் தொடங்கிய போராட்டத்தைக் கவிதைகள் பல பாடிவிட்டன. அதே தாய் மாலையில் வீடு திரும்பித் தவணைக்காரனுக்கு என்ன மறுமொழி சொன்னாள் என்பதை எழுத இன்னும் உரைநடைக்குக் கை வரவில்லை.

இவ்விடத்தில் தாமரைச்செல்வியை நினைக்காதிருக்க முடியாது. பரந்தன் குமரபுரத்தைச் சேர்ந்த அவர் குடியேற்ற விவசாயியின் வாழ்வை ‘பச்சை வயல் கனவு’ (2004) நாவலில் எழுதியவர். 2019இல் வெளிவந்த ‘உயிர்வாசம்’, படகேறி ஆஸ்திரேலியாவை நோக்கிச் சென்ற ஏதிலிகளைப் பற்றியது. முதல் நூலில் காடு வெட்டிப் பெற்ற நிலம். பின் நூலில் நிலத்தையே விட்டுக் கடலேறும் மக்கள். இவ்விரண்டையும் அடுத்தடுத்து வாசிப்போருக்கு ஒரு நூற்றாண்டின் பொருளாதாரம் புலனாகும். கடல்வழித் துன்பத்தை விரித்து எழுதும் ‘உயிர்வாசம்’, அப்பயணத்தின் கூலியை ஈட்ட ஊரில் எது விற்கப்பட்டது என்பதை இன்னும் விரித்திருந்தால் மேலும் கனம் பெற்றிருக்கும்.

இறுதியாக விலை. இந்நூல்களுட் பெரும்பாலானவை தமிழகத்தில் அச்சாகின்றன. இந்திய ரூபாவிலுள்ள விலையை மூன்றுக்கு மேலால் பெருக்கி, ஏற்றுகூலியும் சேர்த்தே கிளிநொச்சி வாசகன் கொடுக்கவேண்டும். 2022இன் நெருக்கடியில் தாள் தட்டுப்பாட்டால் பரீட்சைகளே பிற்போடப்பட்ட நாட்டில், கூலிக்காரன் பிள்ளை நாவல் வாங்குவான் என எதிர்பார்க்க முடியாது. ‘நிலக்கிளி’யை நம் மாணவர் வாசிப்பது 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தின் வழியாக, கைத்தொலைபேசியிலே. ‘ஊழிக்கால’த்தின் ஒரே பிரதி நம் பாடசாலையிற் கைமாறிக் கைமாறி, இப்போது முதற் பதினாறு பக்கங்கள் இன்றி வலம்வந்து கொண்டிருக்கின்றது.