உலகை அறியும் அளவைகள்: சர்வதேச உறவுகள் ஆய்வின் பள்ளிகளும் தரங்களும்

சர்வதேச உறவுகள் என்ற பாடம் கொழும்புக்குப் புத்தகமாக வருவதற்கு முன்னரே நிகழ்வாக வந்துவிட்டது. 1950 ஜனவரியில் பொதுநலவாய வெளிநாட்டமைச்சர்கள் இங்கே கூடிப் பேசியதில் கொழும்புத் திட்டம் பிறந்தது. 1954 ஏப்ரல் இறுதியில் இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இந்தோனேசியா, இலங்கை ஆகிய நாடுகளின் பிரதமர்கள் இந்நகரில் சந்தித்தார்கள். மறு ஆண்டு பாண்டுங்கில் கூடிய ஆசிய-ஆபிரிக்க மாநாட்டுக்கான யோசனை அந்தச் சந்திப்பில்தான் முன்வைக்கப்பட்டது. 1976 ஆகஸ்டில் அணிசேரா நாடுகளின் ஐந்தாவது உச்சி மாநாடு பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபத்தில் நடந்தது.

ஆய்வும் இந்நிகழ்வுகளோடு சேர்ந்தே வளர்ந்தது. பேராசிரியர் ஷெல்டன் கொடிகார 1965இல் இந்திய-இலங்கை உறவுகள் பற்றியும் 1982இல் இலங்கையின் வெளிநாட்டுக் கொள்கை பற்றியும் எழுதிய நூல்கள் இத்துறைக்கு அத்திவாரமாயின. பேராதனையில் ஏ. ஜெயரட்ணம் வில்சன் அரசறிவியலுக்கு ஒரு தலைமுறையை உருவாக்கினார். சர்வதேச கற்கைகளுக்கான பண்டாரநாயக்க நிலையம் 1974இலும், லக்ஷ்மன் கதிர்காமரின் பெயர் தாங்கிய நிறுவகம் 2006இலும் தோன்றின.

தமிழ் வாசகருக்கு உலக அரசியல் அந்நியமானதன்று. வீரகேசரியும் தினக்குரலும் ஞாயிறு தோறும் வெளியிடும் அரசியல் கட்டுரைகளை வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வரி விடாமல் படிப்பவர்கள் உண்டு. என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று நாம் நிறையவே எழுதுகிறோம். அது எமக்கு எப்படித் தெரியும், எந்த அளவுக்கு உறுதியாகத் தெரியும் என்ற கேள்விதான் தமிழில் போதிய இடம் பெறவில்லை. இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. இத்துறையில் சிந்தனைப் பள்ளிகள் பல இருக்கலாம், இருக்கவும் வேண்டும். ஆனால் ஆய்வின் தரம் எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவானது என்பதே என் உறுதியான எண்ணம்.

எம்மிடம் இருந்த அளவைகள்

இந்தத் துறையின் முதலாவது பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவி 1919இல் வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித்தில் ஏற்படுத்தப்பட்டது. முதலாம் உலகப் போரின் அழிவே அதற்குத் தூண்டுகோல். துசிடிடஸ், கௌடில்யர், ஹொப்ஸ், கான்ட் ஆகியோர் அதற்கு நெடுங்காலம் முன்பே அரசுகளின் போக்கை ஆராய்ந்தவர்கள்.

பல பள்ளிகளை அருகருகே வைத்து அவற்றின் அளவைகளைச் சோதிக்கும் பழக்கம் தமிழுக்கும் உண்டு. மணிமேகலை வஞ்சி நகரில் பல்சமயத்தாரும் தத்தம் கொள்கையைச் சொல்லக் கேட்கிறாள். பின்னர் காஞ்சியில் அறவண அடிகளிடம் பௌத்த அளவையைக் கற்கிறாள். அங்கே பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என்று வாதம் பிழைக்கும் வழிகள் வகைப்படுத்தப்படுகின்றன. திருக்குறளின் ஒற்றாடல் அதிகாரம் இன்னும் நேரடியானது. ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை வேறோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும்; ஒருவரை ஒருவர் அறியாத மூவரின் சொல் ஒத்தால்தான் அதை நம்பலாம் என்கிறார் வள்ளுவர். ஒன்றையொன்று சாராத மூலங்களால் ஒரு முடிவை உறுதிப்படுத்துவது இன்றைய முறையியல் நூல்களிலும் அடிப்படைப் பாடம்.

ஓர் ஒப்பந்தம், நான்கு பள்ளிகள்

பள்ளிகளைப் பெயர்ப் பட்டியலாக மனனம் செய்வதால் பயனில்லை. ஒரே நிகழ்வை அவை எப்படி வாசிக்கின்றன என்று பார்ப்பதே நல்ல வழி. 1952 டிசம்பரில் இலங்கையும் சீனாவும் கைச்சாத்திட்ட இறப்பர்-அரிசி ஒப்பந்தம் இதற்குப் பொருத்தமானது. ஆண்டுக்கு 270,000 தொன் அரிசிக்கு 50,000 தொன் இறப்பர் என்பது ஐந்தாண்டு ஏற்பாடு. கொரியப் போர்க்கால விலையேற்றம் முடிந்து இறப்பர் விலை விழுந்திருந்தது. அரிசியோ தட்டுப்பாட்டில் இருந்தது. சீனாவுக்குப் போர்முக்கியத்துவப் பொருள்களை விற்கக் கூடாதென ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 1951 மே மாதம் பரிந்துரைத்திருந்தது. இலங்கை அப்போது ஐக்கிய நாடுகளில் உறுப்பினர் அல்ல. 1955 டிசம்பரில்தான் அனுமதிக்கப்பட்டது. கொம்யூனிசத்தை வெளிப்படையாக எதிர்த்த ஐக்கிய தேசியக் கட்சி அரசாங்கமே, வர்த்தக அமைச்சர் ஆர்.ஜி. சேனநாயக்கவை முன்னிறுத்தி, பீக்கிங்குடன் பேசி முடித்தது.

யதார்த்தவாதி இதைக் கண்டு வியப்பதில்லை. ஈ.எச். கார் 1939இலும் ஹான்ஸ் மொர்கெந்தோ 1948இலும் நிறுவிய வழியில், அரசின் நலன் கொள்கைப் பற்றை வெல்லும் என்பார். உணவில்லாத நாட்டுக்கு அரிசியே பாதுகாப்பு. ஆனால் கெனத் வோல்ட்ஸ் 1979இல் வகுத்த அமைப்புசார் யதார்த்தவாதம் இங்கே சிரமப்படுகிறது. வல்லரசுகளின் பலப் பங்கீடே அரசுகளின் போக்கைப் பெரிதும் நெறிப்படுத்துமானால், திருகோணமலையிலும் கட்டுநாயக்கவிலும் பிரித்தானியத் தளங்களை வைத்திருந்த ஒரு சிறு தீவு, அமெரிக்காவின் எதிர்ப்பையும் மீறிச் சீனாவுக்கு இறப்பர் விற்றது எப்படி?

தாராண்மைவாதி அரசின் உள்ளே பார்ப்பார். 1952 மே மாதம் பொதுத் தேர்தல் நடந்தது. கூப்பன் அரிசியின் விலை வாக்காளரைத் தொடும் விடயம். அவர் நினைத்தது பிழையன்று என்பதை மறு ஆண்டே காட்டியது: ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டதும் 1953 ஆகஸ்ட் 12 ஹர்த்தால் வெடித்தது, பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார்.

மார்க்சியரின் கேள்வி இன்னும் பின்னோக்கிச் செல்கிறது. குளம் கட்டி நெல் விளைத்த தீவு, அரிசியை இறக்கி இறப்பரை ஏற்றும் தீவாக மாறியது எவ்வாறு? காலனித்துவப் பெருந்தோட்டப் பொருளாதாரத்தை விட்டுவிட்டு 1952ஐ மட்டும் பேசுவது அவருக்குப் பாதிக் கதை. நிலவும் ஒழுங்கை இயல்பானதென்று ஏற்று அதன் சிக்கல்களை மட்டும் தீர்க்கும் கோட்பாட்டையும், அந்த ஒழுங்கு உருவான விதத்தையே கேள்விக்குட்படுத்தும் கோட்பாட்டையும் ரொபர்ட் கொக்ஸ் 1981இல் பிரித்துக் காட்டியது இந்த மரபின் தொடர்ச்சிதான்.

ஆக்கவாதிகள் அர்த்தத்தைக் கவனிக்கிறார்கள். அரசுகளுக்கிடையே தலைமையதிகாரம் இல்லாத நிலை, அரசுகள் அதை எப்படிப் புரிந்துகொள்கின்றன என்பதைப் பொறுத்தே அமையும் என்று அலெக்சாண்டர் வென்ட் 1992இல் வாதிட்டார். கொம்யூனிச சீனாவை இலங்கை 1950 ஜனவரியிலேயே அங்கீகரித்தது. இராஜதந்திர உறவு ஏற்பட்டதோ 1957இல். இடைப்பட்ட காலத்தில் வியாபாரம் வேறு, கொள்கை வேறு என்று அரசாங்கம் தனக்கும் பிறருக்கும் சொல்லிக்கொண்டது. அன்று பேரம் பேசிப் பெற்ற அந்த ஒப்பந்தம் இன்று இரு நாட்டு மேடைகளிலும் நட்பின் சின்னமாகப் பேசப்படுகிறது. இந்த மாற்றத்தை விலைப் புள்ளிவிபரத்தால் விளக்க முடியாது.

நான்கு பள்ளிகளும் நான்கு வெவ்வேறு கேள்விகளைக் கேட்கின்றன. ஆகவே ஒரு பள்ளியைத் தேர்வது கட்சியில் சேர்வது போன்றதாகாது. எடுத்த கேள்விக்குப் பொருந்திய பள்ளியைத் தேர்ந்து, அது விட்டுவிடுவது எது என்பதையும் சொல்வதே ஆய்வாளரின் கடமை.

எண்ணப்பட்டவர்களும் எண்ணப்படாதவர்களும்

முறையியலுக்கு முன்னே வருவது மெய்யியல். உலக அரசியலில் உள்ளவை எவை? அரசுகள் மட்டுமா? 1964 அக்டோபர் 30இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. மலையக மக்களில் 525,000 பேரை இந்தியா ஏற்கும், 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், எஞ்சிய 150,000 பேரின் விதி பிறகு தீர்மானிக்கப்படும் என்பது உடன்பாடு. அரசுகளை மட்டுமே செயற்படுவோராகக் கொள்ளும் ஆய்வு இதை வெற்றிகரமான இருதரப்புப் பேச்சுவார்த்தையாகப் பதிவு செய்யும். அந்த 975,000 மலையக மக்களுக்கு அந்த மேசையில் இடமில்லை என்பது அத்தகைய ஆய்வின் கண்ணில் படாது. அண்ணன் ஒரு நாட்டுக்கும் தங்கை இன்னொரு நாட்டுக்கும் எழுதப்பட்ட குடும்பங்களின் கதை அங்கே தரவாகவே கருதப்படாது.

பெண்ணிய ஆய்வின் பங்களிப்பும் இங்கேதான். சிந்தியா என்லோ 1980களின் இறுதியில் பெண்கள் எங்கே என்று கேட்டு இத்துறையைத் திருப்பினார். கொழுந்து பறிக்கும் பெண்ணும் மத்திய கிழக்கில் வீட்டுப் பணி செய்யும் பெண்ணும் ஈட்டும் அந்நியச் செலாவணியை விட்டுவிட்டு இலங்கையின் வெளிநாட்டுக் கொள்கையை எழுதுவது குறையான ஆய்வு. யாரை எண்ணுகிறோம் என்ற முடிவு எண்ணத் தொடங்கும் முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது.

முறைகளும் அவற்றின் எல்லைகளும்

1966இல் ஹெட்லி புல், வரலாறும் மெய்யியலும் சார்ந்த மரபுவழி அணுகுமுறைக்காக வாதாடினார். மோர்டன் கப்லான் அறிவியல் முறையின் பக்கம் நின்று மறுமொழி சொன்னார். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. ஒரு தரப்பு காரணங்களை வெளியிலிருந்து விளக்க முயல்கிறது; மறு தரப்பு செயற்படுவோரின் நோக்கை உள்ளிருந்து புரிந்துகொள்ள முயல்கிறது.

எண்ணிக்கை முறை ஒப்பிட உதவுகிறது. நினைத்ததை நினைத்தபடி சொல்லும் பழக்கத்துக்குக் கடிவாளம் இடுகிறது. மிச்சிகனில் டேவிட் சிங்கர் 1963இல் தொடங்கிய போர்த் தரவுத் திட்டம் 1,000 சமர்க்கள மரணங்களைப் போருக்கான எல்லையாகக் கொண்டது. உப்சாலாப் பல்கலைக்கழகத்தின் தரவு ஆண்டுக்கு 25 மரணங்களிலேயே ஆயுத மோதலைப் பதிவு செய்கிறது. ஆனால் 1983 ஜூலை இனவன்முறையில் வெள்ளவத்தையில் கும்பல்களின் கையில் மாண்டவர்கள் சமர்க்களத்தில் மாண்டவர்கள் அல்லர். அவர்களுக்கு வேறு வகைப்பாடு வேண்டும். எல்லைக்கோட்டைப் போட்டவர் யார், அதற்கு வெளியே விடப்பட்டவர் யார் என்று கேட்காமல் அட்டவணையைப் பயன்படுத்துவது தவறு.

ஆவண ஆய்வுக்கு எடுத்துக்காட்டாகக் கொழும்பு தேசிய நூதனசாலையில் உள்ள மும்மொழிக் கல்வெட்டைச் சொல்வேன். மிங் பேரரசின் கடற்படைத் தலைவர் செங் ஹோ கொண்டுவந்த இக்கல், 1409ஆம் ஆண்டைக் குறிக்கிறது. 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் திருமாலின் அவதாரமான தெனவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் இஸ்லாமிய மரபுக்கும் காணிக்கை சொல்லப்படுகிறது. பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்ற காணிக்கைப் பட்டியல்கள் பெரும்பாலும் ஒத்தவை. பாரசீகப் பகுதி மிகவும் தேய்ந்துள்ளது.

சீனப் பகுதியை மட்டும் வாசித்தவர் பௌத்தப் பேரரசரின் பக்தியைக் காண்பார். தமிழ்ப் பகுதியை மட்டும் வாசித்தவர் தென்முனையிலுள்ள தெனவரைக் கோயிலின் பெருமையைக் காண்பார். மூன்றையும் சேர்த்து வாசித்தால்தான் வணிகக் கடலின் மூன்று சமூகங்களையும் ஒருசேர நாடிய இராஜதந்திரம் தெரியும். அதோடும் நின்றுவிட முடியாது. ஓரிரு ஆண்டுகளில் அதே செங் ஹோ இலங்கை அரசன் ஒருவனைச் சிறைபிடித்துச் சீனாவுக்குக் கொண்டுசென்றார். அரசனே முதலில் சூழ்ச்சி செய்தான் என்பது சீனப் பதிவு. பரிசளிக்கும் பாவனையில் வந்து பிடித்தார்கள் என்பது சிங்கள இராஜாவலிய. கல்லில் இருப்பது காணிக்கை, ஏடுகளில் இருப்பது போர். ஒரே மூலத்தை, அதுவும் ஒரே மொழியில் படித்து எழுதும் சர்வதேச உறவுகள் எவ்வளவு தூரம் வழி தவறக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

பொதுவான தரங்கள்

எந்தப் பள்ளியைச் சார்ந்தாலும் தமிழில் எழுதப்படும் ஆய்வேடு சில தரங்களை எட்டியாக வேண்டும்.

முதலாவது, எந்தச் சான்று கிடைத்தால் என் முடிவைக் கைவிடுவேன் என்பதை ஆய்வாளர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பொருள்கோடல் சார்ந்த ஆய்வுக்கும் இது பொருந்தும். அங்கே, தன் வாசிப்போடு போட்டியிடக்கூடிய மிக வலுவான மாற்று வாசிப்பை முழுமையாக எடுத்துரைத்து, அது ஏன் குறைபடுகிறது என்று காட்ட வேண்டும்.

இரண்டாவது, மறுதரப்பின் மூலங்களை அவற்றின் மொழியிலேயே தேட வேண்டும். இந்திய-இலங்கை உறவை எழுதும் தமிழ் மாணவர் சிங்களப் பத்திரிகைகளையும் பாராளுமன்ற ஹன்சாட்டையும் திறக்காமல் விட்டால், அவர் எழுதியது ஒருதலை விண்ணப்பமாகிவிடும். சிங்கள ஆய்வாளர் தமிழ் மூலங்களைத் தவிர்ப்பதும் அதே குற்றமே.

மூன்றாவது, நேர்காணல் தந்தவரின் பாதுகாப்பு ஆய்வின் பெருமையைவிட முக்கியமானது. போரைக் கடந்து வந்தவர் நம்பிச் சொன்ன சொல், அவருக்குப் பின்னாளில் வினையாகக் கூடாது. பெயரை மறைத்தால் மட்டும் போதாது. ஊர், தொழில், உறவு என்று அடையாளம் தரும் அனைத்தையும் காக்க வேண்டும்.

நான்காவது, விளக்கமும் பரிந்துரையும் கலந்துவிடக் கூடாது. எமக்கு நியாயமான கோரிக்கைகள் இருக்கின்றன. அவற்றை எழுதும் உரிமையும் இருக்கிறது. ஆனால் ‘நடந்தது இது’ என்ற வாக்கியமும் ‘நடந்திருக்க வேண்டியது இது’ என்ற வாக்கியமும் வாசகருக்கு வேறுவேறாகத் தெரிய வேண்டும்.

இத்தரங்களை மேலைநாட்டுச் சம்பிரதாயம் என்று ஒதுக்குவோருக்கு ஒன்று சொல்வேன். 1997இல் ஹங்கேரிக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் இடையிலான டன்யூப் அணைக்கட்டு வழக்கில், சர்வதேச நீதிமன்றத்தின் உப தலைவராக இருந்த நீதியரசர் சி.ஜி. வீரமந்திரி தனித் தீர்ப்பொன்றை எழுதினார். நிலைபேறான அபிவிருத்தி என்ற கோட்பாட்டுக்கு இலங்கையின் பழைய குளங்களையும் நீர்ப்பாசன மரபையும் அதில் அவர் சான்றாக வைத்தார். கொழும்பில் பிறந்த ஒருவர் இத்தீவின் அறிவை ஹேக் நகரில் நிறுத்த முடிந்ததற்கு ஊர்ப்பெருமை காரணமன்று. எவரும் சோதித்துப் பார்க்கக்கூடிய வடிவில் அதைச் சான்றாக்கிக் கொடுத்த உழைப்பே காரணம்.

கொழும்பு கருத்து வேறுபாட்டுக்கு இரத்தம் சிந்திய நகரமும் ஆகும். இன ஆய்வுக்கான சர்வதேச நிலையத்தைக் கட்டியெழுப்பிய நீலன் திருச்செல்வம் 1999 ஜூலையிலும், வெளிநாட்டமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர் 2005 ஆகஸ்டிலும் கொழும்பில் கொல்லப்பட்டார்கள். ஒருவரின் வாதத்தைச் சான்றால் மறுக்கத் தெரிந்த சமூகத்தில்தான் அவர் உயிரோடு இருந்து பதில் சொல்ல இயலும். அதனால்தான் முறையியலை வெறும் பரீட்சைப் பாடமாக என்னால் கருத முடியவில்லை.

வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில் கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகம் இருக்கிறது. கொழும்பு 7இல் தேசிய சுவடிக்கூடம் இருக்கிறது. இக்கட்டுரையை வாசிக்கும் பட்டதாரி மாணவர்கள் 1964 ஒப்பந்தத்தையோ இறப்பர்-அரிசி ஒப்பந்தத்தையோ மும்மொழி மூலங்களோடு தமிழில் ஆய்ந்து எழுத முன்வர வேண்டும். அவர்கள் எந்தப் பள்ளியைத் தேர்ந்தாலும், எதிர்க்கருத்துடையவர் எடுத்து வாசித்து, சான்று சான்றாகச் சரிபார்த்து, ஏற்கவோ மறுக்கவோ தக்கதாக அந்த ஆய்வு அமையட்டும். தமிழில் இத்துறை நிமிர்ந்து நிற்க அதுவே வழி.