ஒரே கேள்வி, ஒரே குரல்: 'இஸட்' திரைப்படத்தின் நீதவானை முன்வைத்து

அரசியல் சாயம் படிந்த ஒரு குற்றத்தை விசாரிக்கும் நீதவானை நடுநிலையாளர் என்று நாம் எப்போது ஒப்புக்கொள்கிறோம்? பெரும்பாலும் அவரது முடிவு நமது எதிர்பார்ப்போடு ஒத்துப்போகும் போதுதான். கொஸ்தா கவ்ராஸ் நெறிப்படுத்திய 'இஸட்' (1969) திரைப்படத்தை மீண்டும் பார்க்கையில் இந்தச் சங்கடமே மேலெழுகிறது. அதிகாரத்துக்கு அஞ்சாத ஒரு நீதவானைப் பற்றிய படம் என்று அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் புகழப்பட்டு வருவது இது. அப்புகழுக்கு அது தகுதியானதே. ஆயினும், நடுநிலை பற்றி அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதும் பேசப்பட வேண்டும்.

படத்தின் பின்னணி உண்மைச் சம்பவமொன்று. 1963 மே 22ஆம் திகதி கிரேக்கத்தின் தெசலோனிக்கி நகரில், சமாதானக் கூட்டமொன்றில் உரையாற்றி வெளியே வந்த பாராளுமன்ற உறுப்பினர் கிரிகோரிஸ் லம்பிராக்கிஸ், மூன்று சக்கர வாகனமொன்றில் வந்தவர்களால் தலையில் தாக்கப்பட்டார். ஐந்து நாட்களின் பின் உயிரிழந்தார். அவர் ஒரு மருத்துவர், விளையாட்டு வீரர், இடதுசாரிகளோடு இணைந்து நின்றவர். பொலிஸார் சூழ நின்ற இடத்தில் நடந்த இக்கொலை, வீதி விபத்தாகக் காட்டப்பட்டது. இதனை வைத்து வசிலிஸ் வசிலிகோஸ் 1966இல் எழுதிய நாவலே படத்துக்கு மூலம். 'அவர் வாழ்கிறார்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் முதலெழுத்தே தலைப்பாயிற்று.

கிரேக்க முறைமையில் விசாரணை நீதவான் தீர்ப்பு வழங்குபவரல்லர். சாட்சிகளைத் தானே அழைத்து விசாரித்து, ஆதாரங்களைத் திரட்டி, எவர்மீது குற்றஞ்சாட்டலாம் என்று தீர்மானிப்பவர். எனவே, வழக்கு நீதிமன்றத்தை அடையுமுன்னரே நீதி பிழைப்பதும் பிழைக்காமற் போவதும் அவரது மேசையிலேயே முடிவாகிவிடக் கூடும். ட்ரன்தின்யோன் ஏற்று நடித்த இப்பாத்திரம் உணர்ச்சியைக் காட்டுவதே இல்லை. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் அவருடைய மனம் எந்தப் பக்கம் என்பதை எவராலும் படிக்க முடியவில்லை.

படத்தின் உச்சம், பொலிஸ் உயரதிகாரிகள் ஒவ்வொருவராக அவர் முன் அழைக்கப்படும் காட்சி. பதக்கங்கள் மின்னும் சீருடையில் வருகிறார்கள், மிரட்டுகிறார்கள். நீதவானோ ஒவ்வொருவரிடமும் ஒன்றையே கேட்கிறார்: பெயர், குடும்பப் பெயர், தொழில். ஜெனரலுக்கும் இதே கேள்வி, இதே தொனி. தட்டச்சு இயந்திரத்தின் ஓசையும் மாறுவதில்லை. நடுநிலை என்பது மனதின் ஒரு நிலை அல்ல, ஓர் ஒழுங்குமுறை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய காட்சிகள் குறைவு.

இது நமக்கு அந்நியமான சிந்தனையல்ல. உமர் (ரழி) அவர்கள் அபூ மூஸா அல் அஷ்அரீ (ரழி) அவர்களுக்கு எழுதியதாக அறியப்படும் கடிதம், வழக்காடும் இரு தரப்பினரையும் நீதிபதி தன் பார்வையிலும் அமர்விலும் கூடச் சமமாக நடத்த வேண்டும் என்று வலியுறுத்துகிறது. வலியவன் சலுகையை எதிர்பார்க்கவும் கூடாது, எளியவன் நம்பிக்கை இழக்கவும் கூடாது என்பதே அதன் நோக்கம்.

ஆனால் கவ்ராஸின் கமெரா அந்த நீதவானைப் போல நடந்துகொள்ளவில்லை. குற்றஞ்சாட்டப்பட்ட அதிகாரிகள் வெளியேறுகையில் பூட்டிய கதவொன்றைத் திறக்க முயன்று தடுமாறுகிறார்கள், நாம் சிரிக்கிறோம். முதற் காட்சியிலேயே குற்றவாளிகள் யார் என்பதை நாம் அறிந்துவிட்டோம். நாம் ஏற்கெனவே வந்தடைந்த முடிவுக்கு நீதவான் மெல்ல வந்து சேர்கிறார்; அதனாலேயே அவரைக் கொண்டாடுகிறோம். ஆதாரங்கள் வேறு திசையில் இட்டுச் சென்றிருந்தால் இதே மனிதரை விலைபோனவர் என்றிருக்க மாட்டோமா? ஒரு கூட்டத்தார்மீதான பகை நீதி தவறக் காரணமாகிவிடக் கூடாது என்று அல்மாயிதா அத்தியாயத்தின் எட்டாவது வசனம் எச்சரிப்பது இவ்விடத்தில் நினைவுகூரத் தக்கது. நாம் வெறுக்கும் ஜெனரலுக்கும் தன்னைப் பார்த்துச் சிரிக்காத ஒரு விசாரணைக்கு உரிமை உண்டு. நீங்களும் ட்ரைஃபஸைப் போலப் பலியாக்கப்பட்டவரா என்று பத்திரிகையாளர் கேட்க, ட்ரைஃபஸ் குற்றவாளிதான் என்று அந்த ஜெனரல் கத்துகிறார். பிரான்ஸில் 1894இல் பொய்யாகத் தண்டிக்கப்பட்டு 1906இல் குற்றமற்றவரெனத் தீர்க்கப்பட்ட யூத அதிகாரி அவர். தனக்குத் தேவைப்படும் நீதியை மற்றவருக்கு மறுக்கும் மனம் அந்த ஒரு வரியில் வெளிப்படுகிறது. அம்மனம் ஜெனரலிடம் மட்டும் உள்ளதா?

உண்மையான நீதவான் கிறிஸ்தோஸ் சார்ட்ஸெட்டாக்கிஸின் வாழ்க்கை படத்தைவிடச் சிக்கலானது. அவர் விசாரித்தது பொலிஸ் படையை. அவருடைய தந்தையும் அதே படையில் அதிகாரியாக இருந்தவர். அதிகாரிகள்மீது அவர் குற்றஞ்சாட்டினார். நீதிமன்றமோ தாக்கிய இருவரைத் தண்டித்து அதிகாரிகளை விடுவித்தது. 1967 ஏப்ரலில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. 1968இல் அவர் பதவி நீக்கப்பட்டார்; 1970இல் சிறைப்படுத்தப்பட்டார். 1985இல் ஆளுங்கட்சியான பாசொக் அவரை ஜனாதிபதிப் பதவிக்கு முன்மொழிந்தது. எதிர்க்கட்சியின் கடும் ஆட்சேபனைக்கு மத்தியில் தெரிவாகி 1990 வரை பதவி வகித்தார். 2022இல் காலமானார். பின்னாளில் ஒரு கட்சியின் ஆதரவோடு உயர்ந்தார் என்பதால் 1963இன் விசாரணை மாசுபட்டுவிடாது. ஆயினும் நேர்மையான நீதவானுக்கு அரசியல் வழங்கும் பரிசு, அவரது நேர்மையின்மீது பின்னோக்கி ஒரு நிழலை விழுத்தவே செய்கிறது. தண்டனையைத் தாங்கிய நீதவானைவிடப் பரிசை ஏற்ற நீதவானை உலகம் அதிகம் சந்தேகிப்பது இயல்பே.

இறுதியாக, முஸ்லிம் வாசகர் பெருமையோடு நினைவுகூரும் ஒரு விடயம். கிரேக்கத்தில் எடுக்க முடியாத இப்படம் அல்ஜீரியாவில் எடுக்கப்பட்டது. அல்ஜியர்ஸின் வீதிகளே தெசலோனிக்கியாயின; சிறந்த பிறமொழித் திரைப்படத்துக்கான ஒஸ்கார் விருதும் அல்ஜீரியாவுக்கே சென்றது. பெருமைதான். ஆனால் அப்போது அல்ஜீரியாவை ஆண்ட பூமதியன், 1965 ஜூனில் இராணுவத்தின் துணையோடு ஆட்சியைக் கைப்பற்றியவர். இராணுவ ஆட்சியைச் சாடும் படத்துக்கு இடம் கொடுத்த நாட்டின் நீதவான் ஒருவர், தன் நாட்டு ஜெனரலிடம் பெயரையும் தொழிலையும் அதே தொனியில் கேட்டிருக்க முடியுமா? படம் இக்கேள்வியைக் கேட்கவில்லை; கேட்கும் நிலையிலும் இல்லை.

நாம் கேட்கலாம். பிறர் நாட்டு அநீதிக்கு ஒரு குரலும், நம்மவர் நாட்டு அநீதிக்கு இன்னொரு குரலும் வைத்துக்கொண்டு நடுநிலையான நீதவான்களை எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை. அவர்கள் நம்மிடையே இருந்துதான் வருகிறார்கள்.