சூரிய வானூர்தியின் வரவும் செலவும்

சூரிய ஒளியால் ஒரு மாதிரி வானூர்தியைப் பறக்கவிடுவது இன்று புதுமையன்று. 1974 நவம்பர் 4ஆம் நாள் கலிபோர்னியாவில் ‘சன்ரைஸ்’ என்னும் ஆளில்லா ஊர்தி 20 நிமிடம் பறந்தபோதே அது இயலும் என்பது உறுதியாகிவிட்டது. பொழுது சாய்ந்தபின் என்ன செய்வது என்பதே எஞ்சிய கேள்வி. சூரிச் நகரின் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தில் ஆந்திரே நோத் 2008இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு, இடைவிடாமல் பறக்கும் சூரிய வானூர்தியை வடிவமைப்பது பற்றியது. அவர் உருவாக்கிய ‘ஸ்கை-செய்லர்’ அவ்வாண்டு ஜூன் மாதம் 27 மணி நேரத்துக்கு மேல் பறந்தது. அந்தப் பறத்தலைக் காட்டிலும், அதற்குமுன் தாளில் போட்ட கணக்கே மாணவர்களுக்குப் பெரிதும் பயன்படும் என்பது என் கருத்து.

கணக்கைப் பார்ப்போம். இறக்கையின் நீளம் 3.2 மீட்டர், மொத்த எடை சுமார் இரண்டரைக் கிலோகிராம். இறக்கைமேல் 216 சிலிக்கன் மின்கலங்கள். நல்ல வெயிலில், நண்பகலில் இவை 90 வாட் வரை தரும். மட்டமாகப் பறக்கத் தேவைப்படுவதோ ஏறத்தாழ 15 வாட்தான். அப்படியானால் ஆறில் ஐந்து பங்கு வீணா என்று கேட்கத் தோன்றும். வீணன்று; அது சேமக்கலத்துக்கு, அதாவது பாட்டரிக்குப் போய், இரவு முழுவதும் செலவாகிறது. அந்தப் பாட்டரியின் எடை மட்டும் ஒரு கிலோவுக்குச் சற்று மேல்! அதைத் தூக்க மின்சாரம் வேண்டும். அந்த மின்சாரத்தைத் தர மேலும் கலங்கள் வேண்டும். கலங்களைத் தாங்கப் பெரிய இறக்கை வேண்டும். இறக்கையை இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகும். சட்டத்தின் எடையோ எட்டு மடங்கையும் தாண்டும். இந்தச் சுழலை எங்கே நிறுத்துவது என்பதைச் சில எளிய சமன்பாடுகளால் காட்டுவதே நூலின் சிறப்பு. பள்ளி இயற்பியல் அறிந்தவர் அவற்றில் பெரும்பகுதியைப் பின்தொடரலாம்.

ஆயினும் ஒன்றை ஒப்ப இயலவில்லை. நானூறுக்கு மேற்பட்ட மிதவை வானூர்திகளின் எடைகளைத் திரட்டிய ஆசிரியர், அவற்றுள் மிக இலேசாக அமைந்த சிலவற்றையே தம் வடிவமைப்புக்கு அளவுகோலாகக் கொள்கிறார். அவருடைய ஊர்தியின் சட்டத்தைச் செய்தவரும் கைதேர்ந்த கலைஞர். பள்ளிப் பட்டறையில் பால்சா மரத்தை அறுத்து ஒட்டும் மாணவனின் சட்டம் அந்த எடைக்குள் அடங்காது. கூடுதலாக ஏறும் நூறு கிராமும் இரவுக் கணக்கைக் குலைத்துவிடும்.

சோதனை நடந்த விதம் பாராட்டத்தக்கது. 2005இல் ஆலன் கொக்கோனியின் ‘சோலாங்’ 48 மணி நேரம் பறந்தது உண்மையே. ஆனால் பாலைவனத்தில் மேலெழும் வெப்பக் காற்றும் அதற்குத் துணை நின்றது. பருந்து செய்வதும் அதுதான்; அதில் தவறில்லை. ஆனால் கலமும் பாட்டரியும் மட்டும் போதுமா என்பதற்கு அது விடையாகாது. ஸ்கை-செய்லர் அத்துணையை நாடாமல் பறந்து விடை தந்தது.

அந்த விடை எந்த இரவுக்கு உரியது என்பதையும் பார்க்கவேண்டும். பறந்தது ஜூன் 20, 21 நாட்களில். அப்போது சுவிட்சர்லாந்தில் இரவு எட்டு மணி நேரமே. சென்னையில் ஆண்டின் மிகக் குறுகிய இரவே ஏறத்தாழ 11 மணி நேரம். கூடுதலான 3 மணிக்கு 45 வாட்-மணி வேண்டும்; கிலோவுக்கு 200 வாட்-மணி தரும் பாட்டரியாயின் அது 225 கிராம். இரண்டரைக் கிலோ ஊர்திக்கு இது சிறு சுமையன்று. நம் வெயில் கடுமையானதுதானே எனலாம். ஆனால் சூடேறினால் சிலிக்கன் கலத்தின் திறன் குறையும்.

இத்திட்டம் 2004இல் தொடங்கியபோது இலக்கு செவ்வாய்க் கோள். அங்கே ஈர்ப்பு நம்முடையதில் ஐந்தில் இரு பங்குக்குச் சற்றுக் குறைவு, அது சாதகம். ஒளியோ பாதிக்கும் குறைவு. காற்றின் அடர்த்தி இங்குள்ளதில் அறுபதில் ஒரு பங்குகூட இராது. சுவிஸ் வயல்வெளியின்மேல் கழிந்த ஒரு கோடை இரவு செவ்வாய்க்குச் சான்றாகாது. அதற்கு இதே சமன்பாடுகளில் புதிய எண்களை இட்டு, மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும்.