நாலுக்கு நாலு

முதல் வருடம் முழுக்க என் மகனின் குஸ்தியை விரல் இடுக்கு வழியாகத்தான் பார்த்தேன். தெரிந்ததெல்லாம் யார் கை, யார் கால் என்று பிரிக்க முடியாத ஒரு முடிச்சு. விசில் ஊதியதும் “ஜெயிச்சானா?” என்று என் கணவரைக் கேட்பேன். அவருக்கும் தெரியாது, ஸ்கோர்போர்டைப் பார்த்துச் சொல்வார்.

பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் கோச். “கையைப் பார்க்காதீங்கம்மா. தலை எந்தப் பக்கம் இருக்கு, இடுப்பு எவ்வளவு தாழ்ந்திருக்கு, அதைப் பாருங்க.” அன்றைக்கு அவிழ்ந்தது முடிச்சு. நெற்றியோடு நெற்றி முட்டி நிற்கும் இரண்டு பையன்களுக்குள் அத்தனை பேச்சு நடக்கிறது. ஒருவன் மணிக்கட்டைப் பற்றுகிறான், மற்றவன் உதறுகிறான். பிடரியில் கைபோட்டு இழுக்கிறான். இழுபட்டவன் நிமிரப் பார்க்கிறான். அந்த நிமிர்வை வாங்கத்தான் இழுத்ததே! நிமிர்ந்த கணத்தில் இவன் இடுப்பு இறங்கி, ஒரு முழங்கால் விரிப்பைத் தொட்டு எழ, எதிராளியின் ஒற்றைக் கால் இவன் மார்போடு அணைந்திருக்கும். சிங்கிள் லெக் என்பார்கள். நன்றாக விழுந்த சிங்கிள் லெக்கில் பலம் கண்ணுக்கே தெரியாது. திண்ணையில் தூங்கும் குழந்தையைத் தூக்குவதுபோல இருக்கும்.

ஆனாலும் எனக்குத் தாக்குதலைவிட அதற்குச் சொல்லும் மறுப்பின்மேல்தான் ஆசை. கால் பிடிபடப் போகிறது என்று தெரிந்ததும் இரண்டு கால்களையும் பின்னால் வீசி, இடுப்பை எதிராளியின் தோள்மேல் இறக்கிவிடுவது. பயந்தவன் முன்னால் குனிவான். கற்றவன் பின்னால் விரிவான். என் மகனுக்கு இது வர இரண்டு வருடம் ஆயிற்று. வந்த நாளில் நான் கைதட்டினேன். பக்கத்தில் இருந்தவர்கள் புள்ளி ஒன்றும் விழவில்லையே என்று திரும்பிப் பார்த்தார்கள்.

தோபி பாட் என்று ஒரு வீச்சும் உண்டு. எதிராளியின் கையைத் தோளுக்குமேல் வாங்கி, துணியைக் கல்லில் அறைவதுபோல முதுகைத் தாண்டி இறக்குவது. கூட்டத்துக்கு அதுதான் பிடிக்கும். மகன் போட்டிகளில் அதை இரண்டே முறை செய்தான், இரண்டு முறையும் என் கணவரே எழுந்து நின்றுவிட்டார்.

எங்கள் வீட்டில் அவன் வயதை எடைப்பிரிவால்தான் சொல்வோம். “முப்பத்தெட்டில் இருந்தப்போ தாத்தா தவறினார்”, “நாற்பத்துநாலில் குரல் உடைஞ்சது.” பிரிவை ஏற்றாமல் பிள்ளையைப் பட்டினி போட்டு எடை குறைப்பவர்கள் இருக்கிறார்கள். எடை பார்க்கும் காலையில் உதடு வெடித்து, எச்சிலைத் துப்பியபடி ஓடிக்கொண்டிருக்கும் பையன்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். வளரும் உடம்பு அது. ஒரு கிலோ கூடினால் மேல் பிரிவில் போய்த் தோற்கட்டும் என்பதில் நான் ஒருநாளும் இறங்கி வரவில்லை. 2024 பாரிஸில் வினேஷ் போகத் இறுதிப் போட்டியன்று காலை 50 கிலோவுக்கு 100 கிராம் கூடுதலாக நின்று தகுதி இழந்தபோது, எங்கள் வீட்டில் யாரும் ஒன்றும் பேசவில்லை. தராசின் முன் நிற்பது என்னவென்று மூன்று பேருக்கும் தெரியும்.

புறநானூற்றில் 80ஆம் பாட்டு ஒரு மற்போரைப் பற்றியது. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருதியதைச் சாத்தந்தையார் பாடுகிறார். ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்துகிறது, மறு கால் அவன் உபாயத்தைத் தடுத்து முதுகை வளைக்கிறது. இரண்டு காலும் எங்கே இருக்கின்றன என்று சொல்லத் தெரிந்த புலவர், ஆட்டத்தைப் பார்க்கத் தெரிந்தவர். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்துவது வேறு. கிள்ளியோடு மனம் ஒட்டாத தந்தை தித்தன் ஒருவன் இருக்கிறான். மகிழ்ந்தாலும் சரி, மகிழாவிட்டாலும் சரி, அவன் இதைப் பார்க்க வேண்டும் என்கிறார் புலவர். வெற்றியைப் பாட வந்தவருக்கு அப்பாவின் ஞாபகம் வருகிறது.

குஸ்தியில் நான் மிகவும் மதிக்கும் விதி ரெப்பசாஜ். உன்னைத் தோற்கடித்தவன் இறுதிப் போட்டிவரை போய்விட்டால், நீ மீண்டும் களம் இறங்கி வெண்கலத்துக்கு மோதலாம். 2008இல் சுசில் குமார், 2012இல் யோகேஸ்வர் தத், 2016இல் சாக்‌ஷி மாலிக் ஆகிய மூவரின் ஒலிம்பிக் வெண்கலமும் இந்த வாசல் வழியாகத்தான் வந்தது. ரியோவில் சாக்‌ஷி காலிறுதியில் ரஷ்யாவின் கோப்லோவாவிடம் தோற்றார். கோப்லோவா இறுதிக்குப் போனதால்தான் சாக்‌ஷிக்கு வழி திறந்தது. வெண்கலப் போட்டியில் 0–5 எனப் பின்தங்கியிருந்து 8–5 என்று வென்றார். வழி திறக்கும்வரை அவர் செய்ய முடிந்தது, தன்னை வீழ்த்தியவர் வெல்லட்டும் என்று காத்திருப்பதுதான். எத்தனை விளையாட்டு ஒரு பிள்ளையை இப்படி உட்கார வைக்கும்?

என் மகன் ஐம்பத்தொன்றில் இருந்த வருடம், மாநிலப் போட்டியின் காலிறுதி. நாலு நிமிட ஆட்டம். நாலுக்கு நாலு என்று முடிந்தது. புள்ளியும் பிடியின் மதிப்பும் சமமாக இருந்து, இருவர்மேலும் எச்சரிக்கை இல்லை என்றால், கடைசிப் புள்ளியை எடுத்தவனே வென்றவன். கடைசி ஒன்பது நொடியில் அந்தப் பையன் போட்ட சிங்கிள் லெக் அப்பழுக்கில்லாதது. நான் பெற்ற பிள்ளை விழுகிறான், என் கண் அந்தப் பிடியை ரசிக்கிறது. அந்த நிமிடத்தில் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

அவர் கொதித்துப்போனார். “சமமா இருக்கறப்ப எப்படித் தோல்வி?” என்று சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். மகன் எதிராளியிடமும் நடுவரிடமும் கைகொடுத்து, எதிர்மூலைக் கோச்சிடமும் போய்க் கைகொடுத்துவிட்டு வந்தான். விதிப்படி கொடுக்க வேண்டியதுதான். கண் மட்டும் தரையில் இருந்தது.

அரையிறுதியில் அந்தப் பையனுக்காக நான் உள்ளங்கை வியர்க்க உட்கார்ந்திருந்தேன். அவன் ஜெயித்தால் என் பிள்ளைக்கு வழி என்ற கணக்குத்தான் முதலில். பாதி ஆட்டத்தில் அந்தக் கணக்கு எங்கோ போய்விட்டது. அவன் அம்மா எனக்கு இரண்டு இருக்கை தள்ளி, முந்தானையை வாயில் கவ்வியபடி உட்கார்ந்திருந்தார். என்னுடைய முதல் வருடம் ஞாபகம் வந்தது. “தலையைப் பாருங்க, இடுப்பைப் பாருங்க” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவன் தோற்றான். எங்கள் வாசலும் மூடிற்று.

ஆனால் அவனுக்கு வெண்கலப் போட்டி பாக்கி. உடம்பைச் சூடாக்கப் பிடித்துப் பழக ஒருவன் வேண்டும். அவன் மாவட்டத்துப் பையன்கள் யாரையும் காணவில்லை. என் மகன் ஷூ நாடாவை மறுபடி கட்டிக்கொண்டு எழுந்து போனான். அரங்கின் மூலையில் கிடந்த சின்ன விரிப்பில் இருவரும் மெதுவாகப் பிடித்துப் பிடித்து விட்டார்கள். காலையில் இவனை வீழ்த்திய அதே பிடியை அவன் நிதானமாகப் போட்டான். போட்டுவிட்டு நிறுத்தி, என் மகனின் தலையைத் தன் விலாவோடு சேர்த்துத் திருத்தி வைத்தான். இவன் தலையாட்டி மறுபடி செய்து காட்டினான்.

அவர் இன்னும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முழங்கையைப் பிடித்து உலுக்கினேன்.

“அங்கே பாருங்க” என்றேன்.