மனோன்மணி யார்?

அண்மையில் ஒரு நாள் மஃரிப் தொழுதுவிட்டுக் கண்டி மீரா மகாம் பள்ளிவாசலிலிருந்து வெளியே வந்தபோது, தமிழ் இலக்கியம் படிக்கும் தம்பி ஒருவர் குணங்குடி மஸ்தான் சாகிபு பாடல் தொகுதியோடு என்னை மறித்தார். "வாசி, மூலம், மனோன்மணி எண்டெல்லாம் ஈக்கிதே சேர், இவர் நம்மடவர்தானா?" என்று கேட்டார். இது ஷிர்க், தூக்கிப் போடு என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

யோகாசன வகுப்புக்குப் போகும் என் நண்பர் ஒருவர் இதற்கு நேர்மாறு. "எல்லாம் ஒண்டுதான். திக்ரும் பிராணாயாமமும் ஒரே விஷயம்" என்பார்.

ஒருவர் தள்ளுகிறார், மற்றவர் கலக்கிறார். இருவரும் சொல்லைப் பார்க்கிறார்களே தவிர, அது பாட்டுக்குள் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்பதில்லை.

மனோன்மணியையே எடுத்துக்கொள்வோம். யோக மரபில் அது மனம் அடங்கிய நிலையின் பெயர். சைவத்தில் சக்தியின் பெயர். 1838இல் மறைந்த மஸ்தான் 'மனோன்மணிக் கண்ணி'யில் அச்சொல்லை என்ன செய்கிறார்? அப்பர், நம்மாழ்வார் முதலியோரின் பக்திப் பாடல்களில் ஏங்கும் உயிர் காதலி, இறைவன் காதலன். மஸ்தானிடம் இது தலைகீழாகிறது. பாடுபவர் காதலன்; தேடப்படும் பரம்பொருள் காதலி. லைலாவைத் தேடிய மஜ்னூனைப் பாடிய சூபிக் கவிஞர்களின் வழி இது. சொல் சித்தர்களுடையது, திசை தஸவ்வுஃபுடையது.

குரு விஷயமும் அப்படியே. 'முகியித்தீன் சதகம்' அழைக்கும் குரு, 1166இல் பாக்தாதில் மறைந்த அப்துல் காதிர் ஜீலானி நாயகம். ஆனால் அதே தொகுதியில் 'அகத்தீசர் சதகம்', 'நந்தீசுவரக் கண்ணி' என்பனவும் உண்டு. இவற்றை மறைத்துவிட்டு மேடையில் மஸ்தானைப் புகழ்வது விமர்சனமாகாது. அங்கே அவர் வணங்குகிறாரா, மரியாதை செய்கிறாரா என்பதைப் பாட்டுப் பாட்டாக வாசித்துத்தான் பேச வேண்டும்.

இது பழைய காலத்துப் பிரச்சினை மட்டுமல்ல. யாழ்ப்பாணத்தில் ஆச்சிரமம் வைத்திருந்த பாவா முஹையத்தீன் 1971இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவுக்குப் போனார். யோகமும் குருவும் தேடிய இளைஞர்கள் அவரை 'குரு பாவா' என்றே அழைத்தார்கள். மூச்சை விடும்போது 'லா இலாஹ', இழுக்கும்போது 'இல்லல்லாஹு' என்று அவர் திக்ரைக் கற்றுக்கொடுத்தார். வெளியிலிருந்து பார்த்தால் பிராணாயாமம் போலத்தான் இருக்கும். ஆனால் அந்த மூச்சில் ஏறி இறங்குவது கலிமா. 1984இல் அங்கே ஒரு பள்ளிவாசல் எழுந்தது. 1986இல் அவர் மறைந்தார். குருவைத் தேடி வந்தவர்களில் ஒரு பகுதியினர் ஸப்பில் நின்றார்கள். மற்றவர்கள் அவரை எல்லா மதத்துக்கும் பொதுவான ஞானியாகவே பார்த்தார்கள். எங்கள் கண்டி வாதம்தான் அங்கும் நடந்திருக்கிறது.

கண்டியார் நமக்கு இதில் ஒரு முன்மாதிரி உண்டு. 'முஸ்லிம் நேசன்' நடத்தி, 'அஸன்பே சரித்திரம்' எழுதி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கேட்டுப் போராடிய சித்திலெப்பை, மறைவதற்கு முந்திய வருடம், 1897இல் எழுதிய நூல் 'அஸ்றாறுல் ஆலம்' என்னும் ஞான நூல். கல்வியாளர் சித்திலெப்பைக்கு விழா எடுக்கிறோம். ஞானம் பேசிய சித்திலெப்பையை யார் வாசிக்கிறோம்?

அல்லாஹ் பிடரி நரம்பிலும் நெருக்கமானவன் என்று ஈமான் கொண்டவர்கள் நாம். அந்த நெருக்கத்தைத் தமிழில் சொல்ல வந்தவர்கள் தமிழில் கிடந்த சொற்களைத்தான் எடுத்தார்கள். 'அவன் என்னருகே' என்பதற்கும் 'நானே அவன்' என்பதற்கும் இடையே கோடு இருக்கிறது. எந்தப் பாட்டு அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்ப்பதுதான் விமர்சகன் வேலை. வாசிக்காமல் தீர்ப்புச் சொல்வது அல்ல.

தம்பியிடம் நான் சொன்னதும் அதுதான்: "வீசாதீங்க வாப்பா. முதல்ல முழுசா வாசிங்க, பிறகு பேசுவோம்."