வாட்கைப்பிடியின் அணிகள்: குறியீட்டு வாசிப்பு குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

இந்திய வாள்களைப் பற்றிய எழுத்துகளில் அலகின் எஃகும் அதன் கூர்மையும் விரிவாகப் பேசப்படுகின்றன. கைப்பிடியோ ‘அலங்காரம்’ என்னும் ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது. அச்சொல்லைக் குறித்து ஆனந்த குமாரசுவாமி 1939ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. ‘அலம்’ என்பதற்குப் போதுமானது, நிறைவானது என்பன பொருள். எனவே அலங்காரம் என்பது ஒரு பொருளின்மேல் பின்னர் ஏற்றப்படும் மிகையன்று. அப்பொருளை அதன் பணிக்குத் தகுதியாக்குவதே அலங்காரம் என அவர் விளக்கினார். இக்கருத்தை அளவுகோலாகக் கொண்டு கைப்பிடி அணிகளை எவ்வாறு வாசிப்பது என்பதை நாம் இங்கு ஆராய முற்படுகிறோம்.

விலங்குருவங்கள்

தென்னாட்டு வாள்களிலும் கட்டாரிகளிலும் யாளி சிறப்பிடம் பெறுகிறது. தஞ்சை அரண்மனைப் படைக்கலக் கொட்டிலிலிருந்து சென்னை அரசு அருங்காட்சியகத்தை அடைந்த படைக்கலங்கள் இதற்குச் சான்றாகும். யாளியின் வாயிலிருந்து அலகு வெளிப்படுவதுபோல் அமைத்தல் இம்மரபின் நயங்களுள் ஒன்று. கோயில் தூணில் நின்று காக்கும் உருவமே இங்கு வீரனின் கையைக் காக்கிறது. பாய்வது எஃகன்று, யாளியின் சினமே என்னும் எண்ணமும் உடன் பிறக்கிறது.

மைசூரில் நிலை வேறு. 1799இல் வீழ்ந்த திப்பு சுல்தானின் வாள்களில் புலித்தலைக் கைப்பிடிகள் உள்ளன. அவருடைய அரியணையிலும் பீரங்கிகளிலும் வீரர் உடையிலும் புலியோ புலிவரியோ இடம்பெற்றதால், அங்குக் கைப்பிடி ஓர் அரசின் முத்திரையாகவே நிற்கிறது. முகலாய அவையிலோ விலங்குத்தலைக் குறுவாள் தகுதியின் அடையாளம். ஷாஜகான் காலத்துப் பாதுஷாநாமா ஓவியங்களில் அத்தகைய குறுவாளை அணிந்தோர் மிகச் சிலரே. அவர்களுள் இளவரசர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். ஆகவே விலங்குத்தலை ஓரிடத்தில் காவலையும், ஓரிடத்தில் ஆட்சியையும், ஓரிடத்தில் தகுதியையும் குறிக்கிறது.

வாசிப்பின் எல்லை

இராபர்ட் எல்குட் 2004இல் வெளியிட்ட நூல், 1400 முதல் 1865 வரையிலான இந்துப் படைக்கலங்களைச் சடங்குப் பின்னணியில் வைத்து ஆராய்ந்தது. படைக்கலத்தைச் சமயச் சூழலிலிருந்து பிரித்துப் பார்க்கலாகாது என்பதை நிறுவியது அதன் பெரும்பணி. எனினும் அவ்வழியில் செல்வோர் ஓர் எல்லையை மறத்தலாகாது. தல்வார் வாளின் கைப்பிடி உச்சியில் அமையும் வட்டத்தகட்டின் நடுவே மலர் பொறிக்கப்படுவது வழக்கம். அவ்வகை வாளை இராசபுத்திரரும் முகலாயரும் சீக்கியரும் ஏந்தினர். அம்மலரை ஒரு தெய்வத்தின் தாமரை என்று உறுதியாகக் கூறினால், அதனை ஏந்திய பிறர் கைகளுக்கு விடை கூற இயலாது. ஏந்தியவர் யார், எங்கு ஏந்தினார் என்னும் வினாக்களுக்குப் பின்னரே உருவத்தின் பொருளைத் தேட வேண்டும்.

கிள்ளான் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு சான்று

கோலாலம்பூரில் 1998இல் திறக்கப்பட்ட மலேசிய இசுலாமியக் கலை அருங்காட்சியகம் படைக்கலங்களுக்கெனத் தனிக்கூடம் கொண்டது. அங்குள்ள வேலைப்பாடுகளைக் கண்டு வியக்கும் மாணவன், கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ தன் வீட்டருகே முனீசுவரருக்கும் மதுரைவீரனுக்கும் சாத்தப்படும் அரிவாளில் கலை ஏதும் இல்லையென எண்ணக்கூடும். அதன் பிடி பெரும்பாலும் வெறும் மரம். பொன்னும் இல்லை, மணியும் இல்லை. ஆயினும் பூசைநாளில் அதற்கு மஞ்சளும் குங்குமமும் இடுகின்றனர். நுனியில் எலுமிச்சை செருகி மாலை சூட்டுகின்றனர். அப்போதே அது காவல் தெய்வத்தின் கைப்படையாகிறது. குமாரசுவாமி கூறிய நிறைவு இதுவன்றோ? அரண்மனை வாளில் அணி உலோகத்தில் ஒருமுறை பதிந்து நிலைக்கிறது. கோயில் அரிவாளில் அது ஒவ்வொரு பூசையிலும் புதிதாகப் பிறக்கிறது. தொல்காப்பியம் சுட்டும் வாள்மங்கலத் துறையும் வாளைப் போற்றுதலாகிய செயலையே முதன்மைப்படுத்துகிறது.

முடிவுரை

கைப்பிடி அணியின் பொருள் உருவத்தில் மட்டும் உறைவதன்று; ஏந்தும் கையிலும் செய்யும் சடங்கிலும் அது முழுமை பெறுகிறது. இதனை உணராத வாசிப்பு அரண்மனைக்குரியதைக் கலை என்றும் தோட்டப்புற மக்கள் கொண்டுவந்து காத்ததை வெறும் வழக்கம் என்றும் பிரித்துவிடும். அருங்காட்சியகத்திற்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், அருகிலுள்ள முனீசுவரர் கோயில் அரிவாளையும் அதே பாடத்தில் சேர்ப்பாராயின் அப்பிரிவினை நீங்கும்.